பழைய விடெக் காரின் கியர்பாக்ஸைப் பிரித்துக் கட்டுவது: மதுரையில் முதல்முறை இறங்குபவர்களுக்கு

குறைந்த பணத்தில் விரட்டி ஓட்ட ஒரு கார் வேண்டும் என்பவர்கள் இன்றும் தேடிப் போவது பழைய ஹோண்டா சிட்டி விடெக்கைத்தான். 1.5 லிட்டர் எஞ்சின், 106 குதிரைத்திறன், ஐந்து கியர். 2003-ல் அடுத்த மாடல் வந்ததோடு அந்த வடிவம் நின்றுபோனது. ஃபியட் பாலியோ 1.6, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் என்று போகிறவர்களும் உண்டு. எதை வாங்கினாலும் இருபது வருடத்தை ஒட்டிய வண்டி, முந்தைய உரிமையாளரும் விரட்டியே ஓட்டியிருப்பார். எஞ்சின் இன்னும் நன்றாக இழுக்கும். ஆனால் மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு இறங்கும்போது 'கர்ர்' என்று கடிக்கும்.

அந்தக் கியர்பாக்ஸை இறக்கி, பிரித்து, தேய்ந்ததை மாற்றி, திரும்பக் கட்டுவது பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். சிட்டியை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். எஞ்சின் குறுக்கே கிடந்து முன்சக்கரம் இழுக்கும் எந்தக் காருக்கும் வேலையின் வரிசை பெரும்பாலும் இதுதான். அளவுகளுக்கு மட்டும் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். அது கையில் இல்லாமல் கியர் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

பிரிப்பதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. நம் ஊரில் பிரித்துக் கட்டிய பல பெட்டிகள் சில மாதங்களில் அதே புகாரோடு திரும்பி வருவதற்குக் காரணம் வேறு. சத்தம் போட்ட ஒரு பாகத்தை மட்டும் மாற்றிவிட்டு, அது ஏன் தேய்ந்தது என்று பார்க்காமல் மூடிவிடுகிறார்கள். அந்த 'ஏன்' தெரிய வேண்டுமானால் முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

முதலில் சத்தம்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில் வைத்துக் கிளட்சிலிருந்து காலை எடுங்கள். ஓர் இரைச்சல் கேட்டு, கிளட்சை மிதித்ததும் அது நின்றால், மெயின் ஷாஃப்டின் (கிளட்சிலிருந்து சுழற்சியைப் பெட்டிக்குள் வாங்கும் தண்டின்) பேரிங் போயிருக்கிறது என்று பொருள். மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். அதற்குப் பெட்டியை இறக்கினால் போதும், பிரிக்க வேண்டியதில்லை. எந்தக் கியரில் போனாலும், நியூட்ரலில் உருண்டாலும் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை என்றால், இரு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் பேரிங், இல்லையென்றால் சக்கர பேரிங். ஆக்சிலரேட்டரை விட்டதும் கியர் தானாக வெளியே தள்ளினால் கியரைத் தண்டோடு பூட்டும் ஸ்லீவ், அதைத் தள்ளும் ஃபோர்க், ஃபோர்க்கை அந்தந்தக் கியரில் நிறுத்தி வைக்கும் பூட்டுக் குண்டின் ஸ்பிரிங் ஆகிய மூன்றையும் சந்தேகியுங்கள். எஞ்சின் மவுண்ட் கிழிந்திருந்தாலும் இதே குறை வரும், அதையும் பார்த்துவிடுங்கள்.

எல்லாக் கியரும் கடினமாக விழுகிறது, ரிவர்ஸ் கடிக்கிறது என்றால் பெட்டியைத் தொடாதீர்கள். கிளட்சை முழுக்க மிதித்து ஐந்து நொடி அப்படியே வைத்திருந்துவிட்டு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அதற்குள் மெயின் ஷாஃப்ட் நின்றிருக்க வேண்டும். அப்போதும் கடித்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு மூத்த மெக்கானிக் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வது இதுதான்: "கியர் விழலைன்னதும் பாக்ஸை இறக்கச் சொல்றீங்களே தம்பி, கிளட்ச் விடுதான்னு முதல்ல பாருங்க." கேபிள் நீண்டிருக்கலாம், ஹைட்ராலிக் என்றால் சிலிண்டரில் ஒழுகலாம். சில நூறு ரூபாயில் முடிகிற வேலைக்குப் பெட்டியை இறக்கியவர்கள் இருக்கிறார்கள்.

இந்தச் சோதனையை இரண்டு முறை செய்யுங்கள். காலையில் வெயில் ஏறுமுன் ஒரு முறை, மதியம் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு ஒரு முறை. மதுரை வெயிலில் சூடேறிய எண்ணெய் இளகிப்போவதால் காலையில் அமைதியாக இருந்த பேரிங் மதியம் வாய் திறக்கும்.

தொண்ணூறு ஆயில்

எண்ணெயை இறக்கும் முன் மேலே ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்து வராமல் போனால், கீழ் மூடியைத் திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டு நிற்க வேண்டியிருக்கும். மேல் மூடி வந்த பிறகு கீழ் மூடியைத் திறந்து, சுத்தமான வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவில் பிடியுங்கள்.

அந்த எண்ணெயை வெயிலில் வைத்துப் பாருங்கள். மூடியிலுள்ள காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை ஒட்டியிருந்தால் அது வயதுக்குரிய தேய்மானம். நகம்போல் சில்லு இருந்தால் கியர் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. எண்ணெயில் மஞ்சள் மினுமினுப்பு தெரிந்தால் அது காந்தத்தில் ஒட்டாத பித்தளை, அதாவது சிங்க்ரோ ரிங்: கியர் விழும் முன் உரசி வேகத்தைச் சமமாக்கும் வளையம்.

விரலில் தொட்டுப் பாருங்கள். தேன்பாகுபோல் இழுத்தால் யாரோ '90 ஆயில்' ஊற்றியிருக்கிறார்கள். லாரி, பஸ் வேலையில் கை தேர்ந்த ஊர் இது. டிவிஎஸ் 1911-ல் இங்கேதான் தொடங்கியது. அந்தப் பட்டறைகளில் கியர்பாக்ஸ் என்றாலே 90 ஆயில்தான். பெரிய வண்டிக்கு அது சரி. ஹோண்டாவின் சிறிய பெட்டி அதைவிட மிக மெல்லிய எண்ணெய்க்காக வடிவமைக்கப்பட்டது. அதை ஹோண்டா எம்டிஎஃப் (மேனுவல் கியர்பாக்ஸ் எண்ணெய்) என்று தனியாகவே விற்கிறது. கெட்டி எண்ணெய் ஊற்றினால், ரிங் கியரின் கூம்பு முகமான கோனைப் பிடிக்க வேண்டிய அந்த நொடியில் நடுவிலிருக்கும் எண்ணெய்ப் படலம் விலகாது. பிடிக்காத ரிங்கின் மேல் ஸ்லீவ் மோதும், பல் நுனி மழுங்கும். ஜிஎல்-5 என்று எழுதிய டிஃபரன்ஷியல் எண்ணெயும் வேண்டாம். அதன் கந்தகச் சேர்மங்கள் பித்தளைக்கு ஆகாது. இரண்டாவது கியர் ஏன் கடித்தது என்ற கேள்விக்குப் பல வண்டிகளில் விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது.

இடமும் சாமானும்

ஆடி மாதத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் காற்றில் திறந்த போர்டிகோவில் பேரிங்கை வைத்தால், மூடும்போது பாதி மண்தான் இருக்கும். இறக்குவதை வெளியே செய்யலாம், பிரிப்பதைக் கதவு சாத்தக்கூடிய அறைக்குள் செய்யுங்கள். பனியன் வேஸ்ட் வெளிப்புறம் துடைக்க மட்டும். அதன் நூல் பேரிங்குக்குள் போகும் என்பதால் உள்ளே துடைக்க நூல் உதிராத துணி வேண்டும்.

இரண்டு ஜாக்கி, நான்கு ஸ்டாண்ட், ரிங் ஸ்பானர், பாக்ஸ் ஸ்பானர், சர்க்கிளிப் பிளேயர், பிளாஸ்டிக் சுத்தியல், பேரிங் புல்லர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், முடுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச். கடைசி இரண்டும் இல்லாமல் தொடங்கக் கூடாது. ஹைட்ராலிக் பிரஸ் வாங்க வேண்டாம். கே.புதூர் தொழிற்பேட்டையிலோ கப்பலூரிலோ பிரஸ் வைத்திருக்கும் லேத் பட்டறையில் கொடுத்து அழுத்தி வாங்கிக்கொள்ளலாம்.

இறக்குவது

பேட்டரி, அதன் தட்டு, ஏர் ஃபில்டர் பெட்டி எல்லாவற்றையும் எடுத்தால் மேலிருந்து கை நுழையும். ஸ்டார்ட்டர், வேக சென்சார் வயர், ரிவர்ஸ் லைட் ஸ்விட்ச் வயர் ஆகியவற்றைக் கழற்றும் முன் போன் கேமராவில் படம் எடுத்துவிடுங்கள். ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் குழாயைத் திறக்காமல் சிலிண்டரை மட்டும் கழற்றிக் கம்பியால் ஓரமாகக் கட்டுங்கள். திறந்தால் காற்று புகுந்து, பிறகு அதை வெளியேற்றுவதே தனி வேலையாகிவிடும். கியர் ராடின் பின் துருவோடு இறுகியிருக்கும். முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள்.

சக்கரம் கழற்றி, லோயர் ஆர்ம் பந்தை விடுவித்து, டிரைவ் ஷாஃப்டைப் பெட்டியிலிருந்து நெம்பி எடுங்கள். ஷாஃப்டைப் பிடித்து இழுத்தால் உள்மூட்டு கழன்றுவிடும், அதனால் பெட்டியை ஒட்டியே நெம்ப வேண்டும்.

பெட்டி கழன்றதும் எஞ்சினுக்கு ஒரு பக்கப் பிடிப்பு போய்விடும். மேலிருந்து செயின் போட்டுத் தாங்குங்கள், அல்லது சம்புக்கு (எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்கு) அடியில் கனமான மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுங்கள். வண்டி நிற்பது ஸ்டாண்டின் மேல்தான் இருக்க வேண்டும். வெறும் ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது. கடைசி போல்ட்டைக் கழற்றும்போது இரண்டு பேர் இருங்கள். பெட்டியை எஞ்சினை விட்டு நேராக விலக்கி இழுக்க வேண்டும். மெயின் ஷாஃப்ட் கிளட்ச் தட்டில் தொங்கும்படி ஒரு நிமிடம் விட்டாலும் தட்டின் ஹப் வளைந்துவிடும்.

திறப்பது

வெளியே உள்ள சேற்றையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முதலில் டீசல் போட்டுக் கழுவுங்கள். பெட்ரோல் வேண்டாம், அதுவும் மூடிய அறையில் கூடவே கூடாது. பிறகு எஞ்சினோடு சேரும் பெல் பக்கம் கீழே வரும்படி இரண்டு மரக்கட்டை மேல் நிறுத்துங்கள்.

தினசரி காலண்டர் தாள் கிழித்து முடிந்ததும் மிஞ்சும் கெட்டி அட்டை இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் ஓரத்தை அதில் வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றிய இடத்திலேயே துளையிட்டுக் குத்தி வையுங்கள். நீளம் மாறிய போல்ட்டைப் போட்டு முடுக்கினால் அலுமினிய மரை போய்விடும்.

பூட்டுக் குண்டுகளும் ஸ்பிரிங்குகளும் போல்ட்டுக்கு அடியில் இருக்கும். காந்தக் குச்சியால் எடுத்து எண்ணி வையுங்கள். ரிவர்ஸ் கியரைத் தாங்கும் ஐட்லர் ஷாஃப்டின் போல்ட்டையும் கழற்றுங்கள். அந்தக் காலத்து ஹோண்டா பெட்டிகளில் புதியவர்கள் மாட்டிக்கொள்வது அதற்கு அடுத்த இடத்தில். எல்லா போல்ட்டும் கழன்றும் மேல்பாதி எழாது. ஓரத்தில் 32 மி.மீ. பெரிய மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே கவுண்டர் ஷாஃப்டின் (சுழற்சியைச் சக்கரப் பக்கம் அனுப்பும் இரண்டாவது தண்டின்) பேரிங்கைப் பிடித்திருக்கும் சர்க்கிளிப் என்ற வில் வளையத்தின் இரண்டு முனைகள் தெரியும். பிளேயரால் அதை விரித்துப் பிடித்துக்கொண்டே இன்னொருவர் மேல்பாதியைத் தூக்க வேண்டும். இரண்டு பாதிக்கும் நடுவில் திருப்புளியை விட்டு நெம்பினால் கீறல் விழும், எண்ணெய் அந்த வழியாக வாழ்நாள் முழுக்க ஒழுகும். பிளாஸ்டிக் சுத்தியலால் சுற்றிலும் தட்டினாலே போதும்.

இரண்டு ஷாஃப்டும் ஃபோர்க்குகளும் ஒன்றாகத்தான் எழும். இரண்டு கையாலும் அணைத்து நேராகத் தூக்குங்கள். பிரிக்கும் ஒவ்வொரு பாகத்தையும் கழன்ற வரிசையிலும் கழன்ற திசையிலும் துணிமேல் அடுக்கி, படம் எடுத்துவிடுங்கள். ஷாஃப்டில் பொருந்திய ஹப்பும் அதன்மேல் நகரும் ஸ்லீவும் ஒன்றாகத் தேய்ந்த ஜோடி. பிரிக்கும் முன் பெயின்ட் பேனாவால் இரண்டிலும் கோடு போடுங்கள். ஷாஃப்ட் முனையின் நட் சில பெட்டிகளில் இடது மரையாக இருக்கும், மேனுவலைப் பார்த்துவிட்டுத் திருப்புங்கள்.

பார்ப்பது

அவசரப்படாமல் உட்கார வேண்டிய கட்டம் இது.

இரண்டாவது கியர் ரிங்கிலிருந்து தொடங்குங்கள். இந்தப் பெட்டியில் முதல், இரண்டாம் கியர் சிங்க்ரோ கவுண்டர் ஷாஃப்டில் இருக்கிறது. முதலுக்கும் இரண்டுக்கும் இடையில்தான் விகித இடைவெளி அதிகம். அந்த வேக வித்தியாசம் முழுவதையும் இந்த ஒரு ரிங்தான் தாங்குகிறது, அதனால்தான் முதலில் சாவதும் இதுதான். ரிங்கை வெளிச்சத்தில் பிடித்து உட்புறம் பாருங்கள். மெல்லிய வரிப்பள்ளங்கள் ஓடும். அவற்றின் முகடுகள் விரலில் கூர்மையாக உரச வேண்டும். எண்ணெய்ப் படலத்தை வெட்டி விலக்குவது அந்த முகடுகள்தான். அவை மழுங்கிப் பளபளவென்று தட்டையாகத் தெரிந்தால் ரிங் முடிந்தது.

பிறகு கோனில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ரிங்கை மாட்டி, கட்டைவிரல்களால் அழுத்தித் திருகுங்கள். கவ்விக்கொள்ள வேண்டும். வழுக்கினால் மாற்றுங்கள். அழுத்திய நிலையிலேயே ரிங்குக்கும் கியருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் சுற்றிலும் மூன்று இடத்தில் அளங்கள். அந்தக் கால ஹோண்டா மேனுவல்களில் சாதாரண ரிங்குக்குக் கடைசி எல்லை 0.4 மி.மீ. அதற்குக் கீழே போனால் ரிங்கின் முகம் கியரிலேயே முட்டிவிடும், கோனை அழுத்த இடமே இருக்காது. ஐந்து கியருக்கும் அளந்து எழுதி வையுங்கள். இரண்டு மட்டும் தேய்ந்து மற்றவை நன்றாக இருந்தால் ஓட்டிய கை காரணம். ஐந்தும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் எண்ணெய், இல்லையென்றால் விடாத கிளட்ச்.

அடுத்து கியரின் பக்கவாட்டிலுள்ள சிறு பற்கள். ஒவ்வொன்றின் நுனியும் கூரை முகடுபோல் இரு சரிவாக இருக்க வேண்டும். நுனி உருண்டுபோயிருந்தால் புது ரிங் மட்டும் போட்டுப் பயனில்லை, அந்தக் கியரையும் ஸ்லீவையும் சேர்த்து மாற்ற வேண்டும். திரும்பி வரும் பெட்டிகளில் நான் பார்க்கும் முதல் விஷயம் இதுதான். புது ரிங் பளபளக்கும், அதன் பக்கத்திலேயே மழுங்கிய பற்கள் அப்படியே இருக்கும்.

ஃபோர்க் ஸ்லீவின் பள்ளத்தில் எவ்வளவு ஆடுகிறது என்று அளங்கள். 1 மி.மீ. தாண்டினால் ஃபோர்க்கும் ஸ்லீவும் சந்தேகத்துக்குரியவை. ஒருபக்க நுனி மட்டும் தேய்ந்திருந்தால் ஃபோர்க் வளைந்திருக்கிறது. பெட்டிக் கூட்டில் பேரிங் அமரும் குழியையும் பாருங்கள். பேரிங்கின் வெளி ரேஸ் (வெளி வளையம்) சுற்றிக் குழி வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் புது பேரிங்கும் அங்கே நிற்காது.

பேரிங்கைக் கழுவிக் காற்றடித்துச் சுற்றவிட்டு விளையாடாதீர்கள், எண்ணெய் இல்லாமல் சுற்றினால் நல்ல பேரிங்கும் கீறிவிடும். விரலால் லேசாக அழுத்திச் சுற்றி, சொரசொரப்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டாலும் இத்தனை வருடம் ஓடிய பெட்டியில் பேரிங்குகளையும் ஆயில் சீல்களையும் மாற்றிவிடுவதுதான் நல்லது.

வாங்குவது

ரிங், ஸ்லீவ், கியர் எல்லாம் கம்பெனிப் பாக எண் கொடுத்து டீலரிடம் கேளுங்கள். நின்றுபோன மாடலுக்கு எல்லாம் கிடைக்காது. கிடைக்காததற்குப் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் இன்னொரு பெட்டியையே வாங்கி, இரண்டிலிருந்து நல்லதைச் சேர்க்கலாம். அப்படி வாங்கும் பெட்டிக்கும் மேலே சொன்ன அளவெல்லாம் எடுத்த பிறகே ஒரு பாகத்தைத் தொடுங்கள்.

பேரிங்கை எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 6206 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம், 30 மி.மீ.; வெளிவிட்டம் 62, அகலம் 16. பின்னால் வரும் எழுத்துகளும் முக்கியம். 'N' என்றால் வெளி ரேஸில் சர்க்கிளிப்புக்கான பள்ளம் உண்டு, 'C3' என்றால் உள்ளே இடைவெளி கூடுதல். எண் சரியாக இருந்து பள்ளம் இல்லாத பேரிங்கை வாங்கி வந்தால் பெட்டியே மூடாது. போலிகள் நிறைய. பில் தரும் முகவரிடமே வாங்குங்கள். எஸ்கேஎஃப் போன்ற நிறுவனங்கள் சரிபார்க்கச் செயலியே வைத்திருக்கின்றன.

கட்டுவது

ஒவ்வொரு பாகமும் எம்டிஎஃப்பில் நனைந்தே உள்ளே போக வேண்டும். ஷாஃப்டில் ஏற்றும் பேரிங்கை உள் ரேஸில் மட்டும் அழுத்த வேண்டும். லேத் பட்டறையில் கொடுக்கும்போது பக்கத்திலேயே நின்று, "அண்ணே, உள் ரேஸ்ல மட்டும் அழுத்துங்க" என்று சொல்லிவிடுங்கள். வெளி ரேஸில் அழுத்தினால் குண்டுகள் பள்ளம் போட்டு, புது பேரிங் முதல் நாளே இரையும். இறுக்கமாக இருந்தால் எண்ணெயில் 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கலாம். கேஸ் விளக்கு காட்டக் கூடாது.

ஹப்பின் திசை, ரிங் ஹப்பில் சரியாக உட்கார்வது, கியர்களின் வரிசை எல்லாவற்றையும் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். நட் புதியதைப் போட்டு, டார்க் அளவுக்கு முடுக்கி, விளிம்பைத் தட்டிப் பூட்டுங்கள். பேரிங், ஷாஃப்ட், கூடு எதை மாற்றியிருந்தாலும் ஷிம்மின் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகட்டு வளையத்தின்) கனத்தை மேனுவல் சொல்லும் முறையில் மறுபடி அளக்க வேண்டும். பழைய ஷிம்மையே போட்டுவிட்டால் ஒன்று இறுகும், இல்லையென்றால் ஆடும்.

பசை பூசும் முன்பு ஒருமுறை வெறுமனே மூடி, மெயின் ஷாஃப்டைக் கையால் சுற்றிக்கொண்டு ஐந்து கியரும் ரிவர்ஸும் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று விழவில்லை என்றால் இப்போதே திறப்பது எளிது. எல்லாம் விழுந்தால் இரு முகத்தையும் சுத்தமாகத் துடைத்து, அனபாண்ட் என்ற அடைப்புப் பசையை நூல் கனத்துக்கு, போல்ட் துளைகளின் உட்பக்கமாகப் பூசுங்கள். கனமாகப் பூசினால் உள்ளே பிதுங்கி விழுந்து எண்ணெய் வழியை அடைக்கும். போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் முடுக்குங்கள்.

பெட்டி வெளியே இருக்கும்போதே கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றிவிடுங்கள். எஞ்சின் பின்சீல் கசிந்தால் அதையும் பாருங்கள். இதற்காக இன்னொரு முறை இறக்க யாருக்கும் மனம் வராது. ஏற்றிய பிறகு வண்டி சமமாக நிற்கும் நிலையில், மேல் துளையில் வழியும் வரை எண்ணெய் ஊற்றுங்கள். பசை காய அரை மணி நேரமாவது விட்டு ஊற்ற வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது

முதலில் சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்டில் வைத்து எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். பிறகு ரிங் ரோட்டில் காலியான நேரத்தில் மெதுவாக ஓட்டி, வந்து அடியில் ஒழுகல் பாருங்கள். புது ரிங் கோனோடு படிந்து உட்காரும் வரை, ஒரு 500 கி.மீ. தூரத்துக்கு, அவசரக் கியர் மாற்றம் வேண்டாம்.

அதன் பிறகு சிறுமலைக்கு ஏற்றுங்கள். திண்டுக்கல்லிலிருந்து ஏறும் அந்தப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கியாக வேண்டும், இந்தப் பெட்டிக்கு இதைவிட நேர்மையான சோதனை பக்கத்தில் இல்லை. இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டு இரண்டாவது கியரிலேயே வாருங்கள். கியர் வெளியே தள்ளுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

வீடு திரும்பியதும் சூட்டோடு எண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். காந்தத்தில் சாம்பல் பசை இருக்கும், புது ரிங்கின் மஞ்சள் மினுமினுப்பு கொஞ்சம் தெரியும், அது படிந்ததன் அடையாளம். சில்லு இருந்தால் மேற்கொண்டு ஓட்டாமல் இறக்குங்கள். கழற்றிய பழைய ரிங்குகளையும் பேரிங்குகளையும், எழுதி வைத்த அளவுத் தாளையும் அந்த எண்ணெயைப் பார்க்கும் வரை பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள்.